வைனும் புரோட்டானும்: ஆறு மாதம் ஓட்டிப் பார்த்த கதை

நான் மோட்டார் டிரைவ் பழுது பார்ப்பவன். டிரைவ் என்றால் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மின்னணுப் பெட்டி. பம்பு, கன்வேயர், லிஃப்ட் என்று எங்கும் இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருநூறு முந்நூறு செட்டிங் உண்டு. அவற்றைப் படிக்கவும் மாற்றவும் தயாரித்தவர்களே ஒரு சாஃப்ட்வேர் தருவார்கள். எல்லாம் விண்டோஸுக்குத்தான். அதிலும் பாதி, விண்டோஸ் 98 காலத்தில் எழுதிவிட்டு அப்புறம் யாரும் கைவைக்காமல் விட்டவை.

என் லேப்டாப்பில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் சில்லு. விண்டோஸ் 11 கேட்கும் பட்டியலில் அது இல்லை. விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். அது அரை மணி நேர வேலை. அதற்கப்புறம் ஆறு மாதமாக, இந்த சாஃப்ட்வேர் ஓடுமா அந்த கேம் ஓடுமா என்று பார்ப்பதே வேலையாகிவிட்டது.

வைனைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு இரண்டு வரி. விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்ட 1993-இல் தொடங்கிய திட்டம் இது. 1.0 பதிப்பு வெளிவர 2008 ஆகிவிட்டது, பதினைந்து வருஷம். அதன் பெயரின் விரிவே 'வைன் ஒரு எமுலேட்டர் இல்லை' என்பதுதான். எமுலேட்டர் என்றால் இன்னொரு கணினியைப் போல நடிக்கிற சாஃப்ட்வேர். விண்டோஸ் புரோகிராம் ஒன்று "எனக்கு ஒரு ஜன்னல் திற", "இந்தக் கோப்பைப் படி" என்று விண்டோஸிடம் கேட்கும் அல்லவா, அந்தக் கேள்விகளுக்கு விண்டோஸ் இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து வைன் பதில் சொல்கிறது. புரோகிராமின் கட்டளைகள் நேராகவே பிராசசரில் ஓடுகின்றன. அதனால்தான் வேகம் பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் தனக்குத் தெரியாத கேள்வி வந்தால் விழிக்கும். எத்தனை கேள்விக்குப் பதில் தெரியும் என்பதுதான் மொத்த விஷயமும்.

மின்ட்டின் களஞ்சியத்தில், அதாவது சாஃப்ட்வேர்களை இறக்கிக்கொள்ளும் இடத்தில், வைன் 9.0 கிடைத்தது. அதைப் போடாமல் வைன் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்த்து 10.0 போட்டேன். வருஷத்துக்கு ஒரு நிலையான பதிப்பு, ஜனவரி வாக்கில் வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு சோதனைப் பதிப்பும் வரும். தொழிலுக்கு வைத்திருப்பவர்கள் நிலையானதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடுகிற ஒன்றை இரண்டு வாரத்துக்கொரு முறை நோண்டுவது வேண்டாத வேலை.

முதலில் எடுத்தது, நான் அதிகம் புழங்குகிற டிரைவ் சாஃப்ட்வேர். விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய பழைய 32-பிட் சரக்கு. நிறுவும் கோப்பை இரட்டைச் சொடுக்கு போட்டேன். விண்டோஸில் வருகிற அதே நீலப் பின்னணி, அதே 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்'. திறந்தால் ஒரு கோப்பு இல்லை என்றது. வைன்ட்ரிக்ஸ் என்று ஒரு துணைக்கருவி இருக்கிறது, அதில் விபி6ரன் என்பதைத் தேர்ந்தெடுத்து நிறுவினேன். திறந்துவிட்டது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

டிரைவுடன் பேச வைத்தபோதுதான் சிக்கல். டிரைவை இணைக்கிற பழைய காலத்து சீரியல் போர்ட் லேப்டாப்பில் கிடையாது, யுஎஸ்பி-சீரியல் கேபிள்தான். சாஃப்ட்வேரில் போர்ட் தேர்ந்தெடுக்கும் இடத்தில் காம்1, காம்2, காம்3, காம்4 மட்டும்தான் உண்டு. நான்கையும் முயன்றேன். நான்கிலும் 'பதில் இல்லை'. கேபிளை மாற்றினேன். டிரைவை அணைத்துப் போட்டேன். வேறொரு டிரைவை எடுத்துவந்து மாட்டினேன். மத்தியானம் முழுக்க இப்படியே போயிற்று.

கடைசியில் வைனின் ஃபோல்டருக்குள் எட்டிப் பார்த்தேன். வீட்டு ஃபோல்டரில் மறைவாக .வைன் என்று ஒன்று இருக்கும், அதற்குள் டாஸ்டிவைசஸ். அதைத் திறந்தால் காம்1-லிருந்து வரிசையாக நிற்கிறது. முதல் முப்பத்திரண்டு எண்களையும் என் கணினியில் இல்லவே இல்லாத பழைய சீரியல் போர்ட்டுகளுக்கு லினக்ஸ் ஒதுக்கி வைத்திருக்கிறது. என் யுஎஸ்பி கேபிள் போய் உட்கார்ந்த இடம் காம்33. நான்குக்கு மேல் எண்ணத் தெரியாத சாஃப்ட்வேரிடம் முப்பத்து மூன்றைக் கொடுத்தால் என்ன செய்யும், பாவம்.

வழி சுலபம்தான், தெரிந்திருந்தால். வைனுக்கென்றே ஒரு ரெஜ்எடிட், அதாவது ரெஜிஸ்ட்ரி என்ற செட்டிங் பட்டியலைத் திருத்துகிற கருவி, உண்டு. அதில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், வைன் என்று உள்ளே போய், போர்ட்ஸ் என்ற பகுதியில் காம்1 என்று ஒரு சர மதிப்பு சேர்த்து, அதற்கு எதிரே யுஎஸ்பி கேபிளின் லினக்ஸ் பாதையை எழுத வேண்டும். பிறகு பின்னணியில் ஓடுகிற வைன்சர்வரை முழுக்க நிறுத்தித் திறக்க வேண்டும். செய்தேன். அப்போதும் வரவில்லை. இந்த முறை காரணம் வேறு: சீரியல் போர்ட்டைத் தொட லினக்ஸில் நாம் டயல்அவுட் என்ற குழுவில் இருக்க வேண்டும். ஒரு கட்டளையில் என்னைச் சேர்த்துக்கொண்டு, வெளியேறி மறுபடி நுழைந்தேன். டிரைவிலிருந்து இருநூற்று நாற்பது செட்டிங்கும் ஒவ்வொன்றாகத் திரையில் இறங்கியது. அந்தப் பச்சைக் கோடு ஊர்ந்து முடிகிறவரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

இதற்குள் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சிடும் ஜன்னலில், இன்னொரு பயம் வேறு. வைனை டெர்மினலிலிருந்து ஓட்டினால் 'ஃபிக்ஸ்மீ', 'ஃபிக்ஸ்மீ' என்று வரி வரியாகக் கொட்டும். முதல் நாள் அதைப் பார்த்து, நான்தான் எதையோ உடைத்துவிட்டேன் என்று பதறினேன். அது வைனை எழுதுகிறவர்கள் தங்களுக்கே எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு: 'இந்தப் பகுதியை இன்னும் முழுசாக எழுதவில்லை'. புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தால் அதைக் கண்டுகொள்ளாதீர்கள். ஓடாமல் போனால், கடைசியில் 'எர்ர்' என்று தொடங்குகிற வரிகளைப் பாருங்கள். துப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

ஒரு பழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன்: ஒரு புரோகிராமுக்கு ஒரு ப்ரீஃபிக்ஸ். ப்ரீஃபிக்ஸ் என்பது போலி சி டிரைவும் ரெஜிஸ்ட்ரியும் அடங்கிய ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். நான் முதலில் எல்லா சாஃப்ட்வேரையும் ஒரே ஃபோல்டரில் அடைத்தேன். மூன்றாவதற்காக வைன்ட்ரிக்ஸில் ஏதோ மாற்றப்போக, முதலாவது படுத்துக்கொண்டது. இப்போது ஐந்து சாஃப்ட்வேருக்கு ஐந்து ஃபோல்டர். பாட்டில்ஸ் என்ற செயலி இதையே படம் போட்டு, பொத்தான் வைத்துச் செய்து தருகிறது, டெர்மினல் பிடிக்காதவர்களுக்கு அது போதும். கேம் பக்கம் லூட்ரிஸ், ஹீரோயிக் இரண்டும் இருக்கின்றன.

இன்னொன்று. வைன் ஒரு கூண்டு என்று நினைத்து, கண்ட இடத்தில் இறக்கிய கோப்பையெல்லாம் அதில் ஓட்டிப் பார்க்காதீர்கள். வைனுக்குள் இசட் என்ற டிரைவ் நேராக உங்கள் லினக்ஸ் கோப்புகளைக் காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் அழிக்க முடிகிற எதையும் அந்த புரோகிராமும் அழிக்க முடியும். சூடோ போட்டு, அதாவது நிர்வாகியின் அதிகாரத்தோடு, ஓட்டுவது அதைவிட மோசம்.

அச்சிடுவதில் தொல்லை இல்லை. லினக்ஸில் தெரிகிற பிரிண்டர் அப்படியே வைனிலும் தெரிகிறது. ஒரு சாஃப்ட்வேரில் தமிழ்க் குறிப்புகள் பெட்டி பெட்டியாக வந்தன. தமிழ் எழுத்துரு ஒன்றை அந்த ப்ரீஃபிக்ஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டதும் சரியாயிற்று. மைக்ரோசாப்ட் 365-ஐ இதில் நிறுவிக்கொள்ளலாம் என்று மட்டும் வராதீர்கள். உலாவியில் திறவுங்கள், இல்லையென்றால் லிப்ரே ஆபிஸ் இருக்கிறது. விசித்திரம் ஒன்று சொல்ல வேண்டும்: 64-பிட் விண்டோஸ், பழைய 16-பிட் புரோகிராமைத் திறக்கவே திறக்காது. வைன் திறக்கும். என்னிடம் அப்படி ஒரு குட்டிக் கணக்கிடும் கருவி பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது வாரம் ஒரு முறையாவது பயன்படுகிறது.

சரி, கேம்.

கேம் பக்கத்து நிலவரத்தை மாற்றியது ஸ்டீம் என்ற கேம் கடையை நடத்துகிற வால்வ் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட புரோட்டான். உள்ளே இருப்பது வைன்தான். அதோடு, விண்டோஸின் டைரக்ட்3டி-யில் எழுதிய வரைகலையை, லினக்ஸிலும் ஓடுகிற வல்கனுக்கு மாற்றித் தருகிற டிஎக்ஸ்விகே, டைரக்ட்3டி 12-க்கு விகேடி3டி-புரோட்டான் எல்லாம் சேர்த்துக் கட்டிய மூட்டை. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி முழுக்க இதை நம்பித்தான் இருக்கிறது. அதே மாதம் வந்த எல்டன் ரிங் விண்டோஸில் விக்கி விக்கி ஓடியதும், வால்வ் ஆட்கள் புரோட்டான் பக்கத்தில் அந்த விக்கலைக் குறைத்ததும் கேம் வட்டாரத்தில் பிரசித்தம்.

என் லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, அதனால் பெரிய கேம் பற்றி நான் பேசக்கூடாது. ஹேடிஸ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் டெஃபினிட்டிவ் எடிஷன், இரண்டும் ஆடினேன். ஸ்டீமில் இறக்கி, 'ப்ளே' அழுத்தியதோடு சரி. ரெஜ்எடிட் இல்லை, டயல்அவுட் இல்லை. முதல் முறை திறக்கும்போது ஷேடர் (படம் வரைகிற குட்டி புரோகிராம்கள்) தயார் செய்கிறேன் என்று கொஞ்சம் காக்க வைத்தது. ஹேடிஸை 720பி-யில் வைத்தேன். விசிறி இரைந்தது, படம் இழுக்கவில்லை. ஒரு கேம் மக்கர் செய்தால் அதன் மீது வலச் சொடுக்கு, பண்புகள், கம்பாட்டிபிலிட்டி என்று போய் வேறொரு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். வாங்குவதற்கு முன்பே புரோட்டான்டிபி தளத்தில் மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிடுங்கள். பிளாட்டினம், கோல்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 'போர்க்டு' என்றிருந்தால் பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம் ஒன்றே ஒன்று, அதுவும் என் சோம்பேறித்தனத்தால். பழைய விண்டோஸ் பார்ட்டிஷனில் கேம் ஏற்கெனவே இறங்கி இருந்ததே, மறுபடி ஏன் இறக்க வேண்டும் என்று ஸ்டீமை அந்த என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு அமைப்பு) பக்கமே திருப்பிவிட்டேன். 'ப்ளே' அழுத்தினால் இரண்டு நொடி 'ரன்னிங்' என்று காட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலப் பழையபடி 'ப்ளே'. பிழைச்செய்தி கிடையாது. காரணம் இதுதான்: புரோட்டான் தன் ப்ரீஃபிக்ஸுக்குள் சி, இசட் என்ற எழுத்துகளுக்குப் பின் முக்காற்புள்ளி வைத்த பெயர்களில் இணைப்புகளை உண்டாக்கும், விண்டோஸோ கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்காது. என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் அந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கிறது. கேமை லினக்ஸின் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனுக்கு மாற்றினேன், ஓடியது.

ஆறு மாதத்தில் எனக்குப் பிடிபட்ட கணக்கு இது: ஒரு புரோகிராம் பழையதா புதியதா, பெரியதா சின்னதா என்று பார்த்துப் பயனில்லை. அதில் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். என் டிரைவ் சாஃப்ட்வேர்களில் ஒன்றுக்கு யுஎஸ்பி டாங்கிள் (உரிமத்துக்கான குட்டிச் சாவி) மாட்டினால்தான் திறக்கும். அந்த டாங்கிளுக்கு விண்டோஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) உட்காருகிற டிரைவர் வேண்டும். வைனிடம் விண்டோஸ் கெர்னல் ஏது? மூன்று ஞாயிற்றுக்கிழமை அதோடு மல்லுக்கட்டிவிட்டு விட்டுவிட்டேன். அந்த ஒன்றுக்காக மட்டும், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுகிற விர்ச்சுவல்பாக்ஸில் பழைய விண்டோஸ் ஒன்றை, இணையத் தொடர்பைத் துண்டித்து வைத்திருக்கிறேன். டாங்கிளை அப்படியே உள்ளே தள்ளிவிடலாம். மெதுவாகத்தான் எழும்புகிறது, ஆனால் வேலை நடக்கிறது.

ஆன்லைன் கேமிலும் இதே பூட்டுதான், பெயர் மட்டும் ஆன்ட்டி-சீட். விடுமுறைக்கு வந்த அண்ணன் மகன் தான் தினமும் ஆடுகிற துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றை என் லேப்டாப்பில் போட்டான். திறந்தது, முகப்புப் படம் வந்தது, உடனே மூடிக்கொண்டது.

"சித்தப்பா, லினக்ஸ்ல எல்லாம் ஓடும்னு சொன்னீங்களே?"

"எல்லாம்னு சொல்லலடா."

சொல்லியிருப்பேன். அவனுக்கு விளக்க உட்கார்ந்தேன். ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்கிற அந்தக் காவல் புரோகிராம்களில் சில, கெர்னலுக்குள்ளேயே போய் உட்காரும். அவை இங்கே ஓட வழியே இல்லை. ஈசி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-லேயே புரோட்டானில் ஓட வழி செய்துவிட்டன, ஆனால் கேமைத் தயாரித்தவர்கள் அனுமதித்தால்தான் உண்டு. அனுமதித்ததைத் திரும்பப் பெறுவதும் நடக்கிறது: ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, 2024 அக்டோபர் கடைசியில் கதவைச் சாத்தினார்கள். ஆகவே, நண்பர்களோடு சேர்ந்து ஒரே ஒரு போட்டி கேம் ஆடுவதுதான் உங்கள் கணினியின் வேலை என்றால், அது லினக்ஸில் அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் விண்டோஸை அழித்துவிடாதீர்கள்.

அவன் பாதி விளக்கத்திலேயே எழுந்துபோய்விட்டான். திரும்பி வந்தபோது ஹேடிஸைத் திறந்துகொண்டு உட்கார்ந்தான், நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. கிளம்புகிற அன்று, "இவ்வளவு தூரம் வந்துட்டேன், எங்க வீட்டுல மறுபடி முதல்லேருந்தா?" என்று முகத்தைத் தொங்கப் போட்டான். அவனிடமும் அதே கேம் உண்டு, ஸ்டீம் கணக்குதான் வேறு. ஸ்டீம் ஃபோல்டரில் கம்பாட்டேட்டா, அதில் ஹேடிஸின் எண் 1145360, அதற்குள் போலி சி டிரைவ், யூசர்ஸ், ஸ்டீம்யூசர், டாக்குமென்ட்ஸ், சேவ்டு கேம்ஸ் என்று இறங்கினேன். விண்டோஸில் எங்கே இருக்குமோ அச்சாக அதே இடம். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ராத்திரி போன் செய்தான். விட்ட இடத்திலிருந்தே தொடங்கியதாம்.