வாட்டர் கூலிங் பிசிக்கு எஸ்எம்பிஎஸ் (கரண்ட் சப்ளை டப்பா) மாட்டுறதுக்கு முன்னாடி லேபிளப் பாருங்க, நான் பாக்காம மாட்டிக்கிட்டேன்

மூணு மாசமா நான் பட்ட பாட்ட எழுதி வைக்கிறேன், கஸ்டம் லூப் (பார்ட்ஸ தனித்தனியா வாங்கி கோர்க்கிற வாட்டர் கூலிங்) போட்டு கேமிங் பிசி கட்டப் போறவங்க ஒருத்தராவது தப்பிச்சா சரி. கடை பேரு சொல்லப் போறதில்ல, கேக்காதீங்க.

பிராசசர் ஐ9 12900கே, கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3080, ரெண்டுக்கும் மேல தண்ணி ஓடி சூட்ட இழுக்கிற வாட்டர் பிளாக், தண்ணிய சுத்த விட டி5 பம்ப், ஆற வைக்க ரெண்டு ரேடியேட்டர், எல்லாம் கெட்டியான ஹார்டு ட்யூப். கட்டித் தர்றேன்னு சொன்ன ஒரு பில்டர்கிட்ட மொத்தமா விட்டுட்டேன். கொட்டேஷன்ல நல்ல பிராண்டு 850 வாட் கோல்டு (80 ப்ளஸ்ங்கிற எஃபிஷியன்சி சான்றுல ஒரு தரம்) எஸ்எம்பிஎஸ்னு மாடல் பேரோட எழுதியிருந்தாங்க. டெலிவரி எடுத்த அன்னிக்கு ட்யூப் வளைவையும் லைட்டையும் பாத்து வாயப் பொளந்துட்டு நின்னேனே ஒழிய, கீழ தகடு போட்டு மூடின அறைக்குள்ள என்ன உக்காந்திருக்குன்னு எட்டிக்கூட பாக்கல.

முதல் வாரத்துலயே ஆரம்பிச்சுது. பிராசசருக்கு மட்டும் டெஸ்ட் போட்டா அரை மணி நேரம் அசராம ஓடும், கார்டுக்கு மட்டும் போட்டாலும் ஓடும், ஆனா கேம் திறந்து லோடிங் முடிஞ்சு உள்ள போறப்ப டக்குனு ஃபேன் பம்ப் லைட்டு எல்லாம் ஒரே நொடில செத்துடும். சூடு காரணமா இருக்குமோன்னு பாத்தா ரெண்டுமே 60 டிகிரி சுத்தித்தான் இருக்கு. கடைக்கு போன் பண்ணா "லூப்ல ஏர் இருக்கு ப்ரோ, கேபினட்ட சாச்சு சாச்சு ஓட விடுங்க"ன்னாங்க. சாச்சேன். அப்புறம் பிளாக் சரியா உக்காரலன்னாங்க, தண்ணிய வடிச்சு திரும்ப மாட்டினாங்க. அதுக்கப்புறம் கார்டு கம்ப்ளைன்ட்னு சொல்லி பிளாக்க கழட்டி பழைய கூலரோட கொண்டு வரச் சொன்னாங்க. ரெண்டாவது தடவ வடிச்சேன். ஹார்டு ட்யூப்ல வடிக்கிறது என்ன வேலைன்னு செஞ்சவங்களுக்குத்தான் தெரியும், எவ்வளவு வடிச்சாலும் எங்கேயோ ஒரு முழுங்கு தண்ணி ஒளிஞ்சிருந்து ஃபிட்டிங்க திருகினதும் மதர்போர்டு மேல வரும். கடைசியா சொன்னாங்க பாருங்க, வாட்டர் கூலிங் போட்டதால கார்டுக்கு வாரண்டி கிடையாதாம். போட்டதே அவங்கதான்!

விஷயம் பிடிபட்டது பம்ப் சத்தத்துலதான். ஒரு நாள் ராத்திரி ஹெட்ஃபோன் இல்லாம உக்காந்திருந்தேன், கேம் லோடு ஏற ஏற பம்ப்போட அந்த "உம்ம்"ங்கிற சத்தம் அரை சுதி இறங்குச்சு. ஃபுல் ஸ்பீடுல வச்ச பம்ப் ஏன் இறங்கணும்? மல்டிமீட்டர எடுத்து சும்மா தொங்கிட்டிருந்த மோலெக்ஸ் கனெக்டர்ல (எஸ்எம்பிஎஸ்ல இருந்து வர்ற நாலு கம்பி பவர் பிளக்) மஞ்சள் 12 வோல்ட் கம்பிக்கும் கருப்பு கிரவுண்டுக்கும் நடுவுல வச்சேன். சும்மா இருக்கறப்ப 12.1, கேம்ல 11.2, அடுத்த நிமிஷம் ஆஃப். 12 வோல்ட் லைன் 5 சதவீதம் ஏறி இறங்கலாம், அதாவது 11.4க்கு கீழ போகவே கூடாது.

பம்ப்பும் ரிசர்வாயரும் (தண்ணித் தொட்டி) அந்த தகட்டு மேலயே உக்காந்திருந்ததால எஸ்எம்பிஎஸ்ஸ வெளிய எடுக்க மூணாவது தடவ வடிக்க வேண்டியதாப் போச்சு. நாலு ஸ்க்ரூ கழட்டி இழுத்தா பொசுக்குனு ஒத்த கையோட வந்துடுச்சு, அந்த லேசுலயே எனக்கு வயித்த கலக்கிடுச்சு. லேபிள் இருந்த பக்கத்த பின் பக்கத் தகட்டோட ஒட்டி வச்சிருக்காங்க. பிராண்டு வேற, மாடல் வேற. 850ன்னு கொட்ட எழுத்து, பக்கத்துலயே கடுகு சைஸுல "பீக்", அதாவது கொஞ்ச நேரம் மட்டும் தாங்குற உச்சம். கீழ கட்டத்துல 12 வோல்ட் ரெண்டு லைன், ஒவ்வொண்ணும் 20 ஆம்ப், சேர்த்து 480 வாட். நிஜமான 850 வாட்டுன்னா அந்த இடத்துல 70 ஆம்ப் கிட்ட இருக்கணும், 12ஆல பெருக்கிப் பாருங்க.

இப்ப கணக்க பாருங்க. கார்டு 320 வாட், பிராசசர் முழு மூச்சுல இழுத்தா 241, பம்ப் 20 சொச்சம், அதுக்கு மேல ரேடியேட்டர் ஃபேனுங்க, அப்ப 600 ஆச்சா. கேம்ல பிராசசர் அவ்வளவு இழுக்காதுதான், ஆனா இந்த மாதிரி கார்டு கண்ணிமைக்கிற நேரத்துக்குள்ள தன் அளவ தாண்டி எகிறி எகிறி இழுக்கும், இதுக்காகவே 2022ல வந்த ஏடிஎக்ஸ் 3.0ங்கிற விதிமுறைல எஸ்எம்பிஎஸ் தன் வாட்டப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் 100 மைக்ரோ செகண்டு தாங்கணும்னு எழுதினாங்க. 480 வாட் டப்பா எங்க தாங்கும்?

கோல்டு ஸ்டிக்கரப் பாத்தும் ஏமாறாதீங்க. கோல்டுன்னா பாதி லோடுல 90 சதவீதத்துக்கு குறையாம எஃபிஷியன்சி இருக்கணும்ங்கிறதுதான் முக்கியக் கணக்கு, ஓவர் கரண்ட் வந்தா காப்பாத்துமா, வோல்டேஜ் நடுங்காம நிக்குமாங்கிறதுக்கு அது ஜவாப்தாரி இல்ல. அதுவுமே நிஜ ஸ்டிக்கரா இருந்தாத்தான். சான்று வாங்கின மாடலுங்க லிஸ்ட்ட 80 ப்ளஸ்காரங்க வெளியிடுறாங்க, என்னோடது அதுல இல்லவே இல்ல.

கடைல போய் கேட்டதுக்கு "ஸ்டாக் இல்ல சார், இதுவும் அதே 850தான்". ப்ரோ போயி சார் ஆயிட்டேன். பில்ல பாத்தா "850 வாட் எஸ்எம்பிஎஸ்"னு மட்டும் இருக்கு, மாடல் இல்ல. கொட்டேஷன்ல இருந்தா போதும்னு நெனச்சது என் முட்டாள்தனம், பில்லுல மாடல் பேரு வராம காசு கொடுக்காதீங்க. இதுல அங்கிருந்த பையன் ஒரு யோசனை வேற சொன்னான், வேற எஸ்எம்பிஎஸ் வாங்கினா கேபிள கழட்ட வேணாம், டப்பாவ மட்டும் மாத்துங்கன்னு. ஐயா சாமி, இத மட்டும் செஞ்சுடாதீங்க, மாடுலர் கேபிள்ல (டப்பால இருந்து கழட்டி மாட்டுற கேபிள்) எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்த ஓட்டைல எந்த வோல்டேஜ் வரும்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும், உள்ள நொழைஞ்சாலும் 5 வோல்ட் போற இடத்துல 12 போயி எஸ்எஸ்டி ஒரே நொடில காலி.

வேற இடத்துல 850 வாட் ஏடிஎக்ஸ் 3.0 ஒண்ணு வாங்கி, லேபிள்ல 70 ஆம்ப்ப கண்ணால பாத்துட்டு, அதோட வந்த கேபிள மட்டும் போட்டு நானே மாட்டினேன். ஃபுல் லோடுல 11.9, பம்ப் சுதி மாறல. பழைய டப்பாவ தூக்கிப் போடல, 24 பின் கனெக்டர்ல பதினாறாவது பின்னயும் பக்கத்து கிரவுண்டயும் ஒரு கம்பியால இணைச்சா மதர்போர்டு இல்லாமலே ஆன் ஆகும், அப்படி லூப்ப லீக் டெஸ்ட் பண்றப்ப பம்ப்ப மட்டும் ஓட்ட வச்சிருக்கேன். 20 வாட்ட நல்லாத்தான் தாங்குது.