மூன்று ஓட்டை இருந்தால் எர்த் இருக்குதாம்!

வவுனியா குருமன்காட்டில் உள்ள எங்கள் வீடு 1978இல் அப்பா கட்டியது. வயரிங் முழுக்க இரட்டைக் கம்பிதான், கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் என்ற பேச்சே இல்லை. பிரிட்ஜைத் தொட்டால் சுள்ளென்று கடிக்கும். அம்மா கைபிடியில் பழைய சீலைத்துண்டைச் சுற்றிவைத்துச் சமாளித்தார். பிறகு ஒருவர் வந்து 13 அம்பியர் சதுர பிளக் பூட்டி, "எர்த் குடுத்திட்டன்" என்று காசை வாங்கிக்கொண்டு போனார். கடி நின்றதால் நாங்களும் நம்பிவிட்டோம்.

போன மாதம் வோஷிங் மெஷினுக்கு லைன் இழுக்க வேறொரு தம்பியைக் கூப்பிட்டேன். அவர் முதலில் அந்தப் பிளக்கைக் கழற்றினார். உள்ளே, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியிலிருந்து எர்த் முனைக்கு ஒரு சின்ன வயர்த்துண்டு. "அக்கா, நியூட்ரல் எங்கயாவது கழண்டா பிரிட்ஜ் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிக்கும்" என்றார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

இவர் வேலை செய்த விதம் எனக்குப் பிடித்தது. எர்த் கம்பியை முதலில் கிணற்றடியில் அடித்தார். இரண்டு அடியில் கல். அப்புறம் குளியலறைத் தண்ணீர் போகும் வாழையடிக்கு மாற்றினார், ஆவணி வெயிலிலும் அங்கே ஈரம் இருக்கும் என்று. மண்ணுக்குள் கரண்ட் இறங்க எவ்வளவு தடை என்று மீற்றர் வைத்து அளந்தார்: 40 ஓம். கம்பி அடித்ததோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவரோ கணக்குச் சொன்னார்: கரண்ட் கசிந்தால் எர்த்தில் ஓடுவது, 230 வோல்ட்டை 40 ஓமால் பிரித்தால் 6 அம்பியர்கூட வராது, 13 அம்பியர் பியூஸ் அதற்கு எரியாது. அதனால் சின்னக் கசிவுக்கே லைனை வெட்டும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் கட்டாயம். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொன்னார். ஆனால் எர்த் இல்லாவிட்டாலும் அந்தப் பொத்தானுக்கு சுவிட்ச் விழுமாம், அதை வைத்து எர்த் நல்லது என்று நினைக்கக் கூடாது.

சமையலறைக்கும் குளியலறைப் பக்கத்துக்கும் பச்சை மஞ்சள் வயர் புதிதாக இழுத்தார். படுக்கையறைகளுக்கு என் கையில் காசு போதவில்லை. அங்கே பழைய இரண்டு ஓட்டைப் பிளக்கையே விட்டுவிட்டு, போன் சார்ஜர் மட்டும் குத்துங்கள், அயன் பெட்டி வேண்டாம் என்றார். மூன்று ஓட்டை பூட்டித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன், மறுத்துவிட்டார்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளுக்கு மூன்று நாள் பிந்தித்தான் வந்தார். வயரை மூடும் கேசிங் சுவரில் கோணலாக ஓடுகிறது. பில் கேட்டால் சிரிக்கிறார். கூப்பிடுவதென்றால் ஏணியை நீங்களே தேடி வையுங்கள். எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்க வேண்டி வந்தது.