பழைய டைமிங் செயினும் புது டைமிங் செயினும்: ஒரு காட்பாடிப் பட்டறையின் அனுபவம்

என் பட்டறைக்கு வருவதில் பெரும்பங்கு 97.2 சிசி ஸ்பிளெண்டர் வகை வண்டிகள். குடியாத்தம் பக்கமிருந்து பால் கேன் கட்டி வருபவை, ஆம்பூர் தோல் கம்பெனி ஷிப்டுக்கு ஓடுபவை. போரிங் (சிலிண்டரைக் கடைவது), பிஸ்டன் வேலைக்கு இன்ஜினைப் பிரித்ததும், பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டிலிருந்து வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைச் சுழற்றும் டைமிங் செயினைப் பற்றி எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "செயின் மாத்தணுமாண்ணா, இதுவே ஓடிடுமா?" போட்ட செயினே அடுத்த வேலைக்கு என் கைக்குத் திரும்பி வருவதால், எது உழைத்தது, எது ஏமாற்றியது என்று ஓரளவு சொல்ல முடியும்.

செயின் நீண்டுவிட்டது என்கிறோம். தகடு இழுபட்டு நீள்வது அபூர்வம். உள்ளே மூட்டுக் கம்பியான பின்னும் அதைச் சுற்றிய குழலான புஷ்ஷும் உரசித் தேய்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை இடைவெளி விழுகிறது. தகட்டில் 25H என்று இருக்கும். முதல் 2 என்பது எட்டில் இரண்டு அங்குலம், அதாவது 6.35 மி.மீ. பிட்ச் (ஒரு மூட்டிலிருந்து அடுத்த மூட்டுக்கு உள்ள தூரம்). 5 என்றால் ரோலர் இல்லாத செயின், H என்றால் கனமான தகடு. எண்பது கண்ணி இருக்கிற செயினில் மூட்டுக்கு 0.01 மி.மீ. தேய்ந்தாலே மொத்தம் 0.8 மி.மீ. கூடிவிடும். அதனால் கேம் கொஞ்சம் பின்தங்கி, வால்வு தாமதமாகத் திறக்கும். கிராங்க் முனையிலுள்ள மேக்னெட் சக்கரத்தில், பிஸ்டன் உச்சியைக் காட்டும் T குறியைச் சரியாக நிறுத்தியும், கேமின் பல்சக்கரமான கேம் ஸ்ப்ராக்கெட்டின் O குறி இன்ஜின் ஹெட்டிலுள்ள வெட்டுக்கு நேரே நிற்காமல் கொஞ்சம் பின்னால் நின்றால், செயினைக் கழற்றும் முன்பே பாதி பதில் கிடைத்துவிட்டது.

செயினைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்து, எவ்வளவு தொங்குகிறது என்று பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அது பக்கத்து ஆட்டத்தைத்தான் காட்டும். புதுச் செயினும் கொஞ்சம் தொங்கத்தான் செய்யும். நான் செய்வது வேறு. ஒரு தடவையும் ஓடாத ஒரிஜினல் செயின் ஒன்றை மாதிரிக்கு வைத்திருக்கிறேன். பழைய செயினை மண்ணெண்ணெயில் நன்றாக அலசிவிட்டு (அழுக்கு எண்ணெய் மூட்டுக்குள் இருந்தால் ஆட்டம் தெரியாது), இரண்டையும் ஒரே உயரத்து ஆணிகளில் மாட்டி, கீழே ஒரே எடையுள்ள போல்ட்டுகளைத் தொங்கவிடுவேன். செயின் வளையமாகத் தொங்குவதால் கண்ணில் படும் வித்தியாசம் உண்மையான நீட்சியில் பாதிதான். கீழ் முனையில் ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் மொத்தம் இரண்டு கூடியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் போனால் மாற்றிவிடுவேன். இது என் கணக்கு, கம்பெனி அளவு கிடையாது.

நீளம் சரியாக இருந்தாலும் சும்மா விடுவதில்லை. மடங்க மறுக்கும் ஒரு கண்ணி, சூட்டில் நீலம் பாய்ந்த தகடு, செயினைத் தாங்கும் ரப்பர் ரோலரில் உரசி ஓரம் கூர்மையான தகடு, இதில் ஒன்று இருந்தாலும் செயின் குப்பைக்குத்தான்.

புதுச் செயின் வாங்குவதில்தான் காசு வீணாகிறது. பளபளப்பு ஒரு தகுதியே இல்லை. மட்டமான செயின்கள்தான் கண்ணாடி போல மினுங்கும். அரம் போட்டுப் பின்னின் கடினத்தைப் பார்ப்பதும் உதவாது. ரிவெட் அடிப்பதற்காக (தட்டி விரித்துப் பூட்டுவதற்காக) முனையை மென்மையாக விட்டிருப்பார்கள். நான் பார்ப்பது முத்திரை. கோவை எல்.ஜி.பி.யின் ரோலான் ஆகட்டும், முருகப்பா குழுமத்தின் டைமண்ட் ஆகட்டும், பேரும் எண்ணும் தகட்டில் ஒரே ஆழத்தில், தெளிவாக விழுந்திருக்க வேண்டும். அப்புறம் ரிவெட் தலைகள்: ஒன்று அகலம், ஒன்று சப்பை என்றிருந்தால் கடைக்காரர் பாயிடம் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அவரும் சலித்துக்கொள்வார், ஆனால் மாற்றிக் கொடுப்பார். விலை குறைந்த, பேரில்லாத செயின் போட்ட வண்டிகளில் அடுத்த மழைக்காலத்துக்குள் ஹெட்டில் சலசலப்பு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். ஒழுங்கான செயின் 60,000 கி.மீ. தாண்டியும் அமைதியாக ஓடியிருக்கிறது, ஆயில் நேரத்துக்கு மாற்றியிருந்தால். இந்த இன்ஜின் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயிலில்தான் ஓடுகிறது. சித்திரை வெயிலில் அதுவும் குறைந்து கறுத்துவிட்டால் முதலில் அடிவாங்குவது இந்த மூட்டுகள்தான்.

செயினை மட்டும் மாற்றச் சொல்பவர்களிடம் கிராங்க் ஸ்ப்ராக்கெட்டைக் காட்டுவேன். கேம் ஸ்ப்ராக்கெட்டில் பாதிப் பல்தான் அதில் உண்டு. ஆக ஒவ்வொரு பல்லுக்கும் இரட்டிப்பு வேலை. பல் கொக்கி போல வளைந்திருந்தால் புதுச் செயினையும் தின்றுவிடும். ஆனால் அது கிராங்கோடு பிரஸ்ஸில் அழுத்திப் பொருத்தியது, மாற்றுவது பெரிய செலவு. பல் நன்றாக இருந்தால் வேலை சுலபம். இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸைப் பிளக்காமல் மேக்னெட் பக்கமே செயினை எடுத்துப் போட்டுவிடலாம். ரப்பர் ரோலர்களை எப்படியும் மாற்றுவேன். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ராடின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் நல்ல செயினும் சத்தம் போடும், பழி செயின் மேல் விழும்.

டாக்ஸிகளில் வரும் 1.3 லிட்டர் டீசல் வேறு கதை. கரி கலந்த ஆயில் பின்னையும் புஷ்ஷையும் அரைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடத்து, ஆயில் பிரஷர் ஏறியதும் அடங்கினால், சென்னை, பெங்களூர் என்று அடுத்த சவாரிக்குப் போகாமல் திறந்து பார்க்க வேண்டும். செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் மோதும். அந்த வண்டிக்குச் செயின், டென்ஷனர், கைடு, ஸ்ப்ராக்கெட் எல்லாம் சேர்ந்த கிட் வாங்கித் தந்தால்தான் கை வைப்பேன். "செயின் மட்டும் போடுங்கண்ணா" என்று கேட்பவர்களுக்கு வேலூர் சத்துவாச்சாரியில் வேறு பட்டறைகள் இருக்கின்றன.