ஊருக்குப் போனபோது தேடிய ஒரு பிராட்வே நாடகம்

குவீன்ஸில் வளர்ந்து இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எனக்கு ஊர் என்றால் நியூயார்க்தான். ஊருக்குப் போனால் ஃப்ளஷிங்கில் அக்கா வீட்டில் தங்குவதும், பவுன் தெருப் பிள்ளையார் கோயிலின் கீழ்த்தள உணவகத்தில் தோசை சாப்பிடுவதும், 7ஆம் எண் ரயிலில் ஏறி டைம்ஸ் சதுக்கத்தில் இறங்கி, பெரிய நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வே பகுதியில் பழைய இசை நாடகங்களின் தடங்களைத் தேடுவதும் வழக்கம். இம்முறை தேடியது 'சப்வேஸ் ஆர் ஃபார் ஸ்லீப்பிங்' ('சுரங்க ரயில்கள் தூங்குவதற்கே') என்ற இசை நகைச்சுவை நாடகத்தை. 1961 டிசம்பர் 27 அன்று செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் தொடங்கி, 205 காட்சிகளோடு அடுத்த ஆண்டு ஜூனில் முடிந்துபோன இந்த நாடகத்தை இன்று யாரேனும் நினைவில் வைத்திருந்தால், அது அதன் விளம்பரத்துக்காக மட்டுமே. அது நியாயமல்ல என்பது என் நெடுநாள் எண்ணம்.

விளம்பரக் கதையைச் சொல்லாமல் கடக்க முடியாது. தயாரிப்பாளர் டேவிட் மெரிக், நியூயார்க்கின் ஏழு முன்னணி நாடக விமர்சகர்களின் பெயர்களைக் கொண்ட ஏழு சாதாரண மனிதர்களைத் தொலைபேசிப் புத்தகத்தில் தேடிப் பிடித்து, நாடகத்துக்கு அழைத்து, அவர்கள் பெயரில் புகழ்மாலைகளை அச்சிட்டு, பக்கத்தில் புகைப்படங்களையும் போட்டார். இந்தக் குறும்பை அவர் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்தார் என்றும், நியூயார்க் டைம்ஸின் ப்ரூக்ஸ் அட்கின்சன் 1960இல் ஓய்வு பெறும்வரை காத்திருந்தார் என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரில் இன்னொருவர் அகப்படவில்லையாம். போஸ்ட் நாளிதழின் விமர்சகர் ரிச்சர்ட் வாட்ஸ் வெள்ளையர், படத்தில் இருந்த ரிச்சர்ட் வாட்ஸ் கறுப்பினத்தவர். அதைக் கண்டு பத்திரிகைகள் சுதாரித்துக்கொண்டாலும், ஹெரால்டு ட்ரிப்யூனின் ஒரு பதிப்பில் மட்டும் விளம்பரம் வெளிவந்துவிட்டது. உண்மையான விமர்சகர்கள் எழுதியவை அவ்வளவு இனிப்பாக இல்லை.

இதற்கு முன்பே இன்னொரு தொல்லையும் வந்திருந்தது. நாடகத்தின் சுவரொட்டிகளைச் சுரங்க ரயில்களில் ஒட்டினால், வீடற்றவர்கள் அதையே தூங்க அழைப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று போக்குவரத்து நிர்வாகம் அனுமதி மறுத்தது. அந்நாளில் ரயில் கட்டணம் 15 சென்ட். ஒரு டோக்கன் போட்டு உள்ளே நுழைந்துவிட்டால் விடியும்வரை யாரும் கேட்கமாட்டார்கள் என்பதுதான் கதையின் அடித்தளமே. எட்மண்ட் லவ் 1957இல் வெளியிட்ட நூலைத் தழுவியது இது. ஒழுங்காக உடுத்தி, வீடில்லாமல், ரயிலிலும் பொதுக் கட்டடங்களிலும் காலம் கழிக்கும் டாம் என்பவனைப் பற்றி எழுதுவதற்காக ஒரு பத்திரிகைக்காரி தானும் கதியற்றவள்போல் நடித்து அவனோடு சேர்கிறாள். கிராண்ட் சென்ட்ரல் நிலையம் முதலாக நகரத்தின் பொது இடங்கள்தாம் களம்.

பயணம் செய்பவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு: ரயிலுக்கான பழைய கட்டண அட்டையான மெட்ரோகார்டின் விற்பனை 2025 இறுதியோடு நின்றுவிட்டது. வெளிநாட்டு வங்கி அட்டையையோ கைபேசியையோ வாயிலில் தட்டினால் கதவு திறக்கிறது. ஒரே அட்டையைத் தொடர்ந்து பயன்படுத்தினால், ஏழு நாள் கட்டண வரம்பைத் தாண்டிய பிறகு மீதிப் பயணங்கள் இலவசம். எனக்கு ஒருமுறைகூடச் சிக்கல் வரவில்லை. ஆனால் இரவு நேரத்தில் 7ஆம் எண் ரயிலில் இருக்கைகளில் சுருண்டு கிடப்பவர்களைப் பார்த்தபோது, வீடின்மையை உல்லாசமாகக் காட்டிய அந்த நாடகத்தை இன்று அப்படியே மேடையேற்ற முடியாது என்பது தெளிவாகியது. 1904 முதல் இரவுபகலாக ஓடிய சுரங்க ரயிலை 2020 மே மாதத்தில் பெருந்தொற்றின்போது நள்ளிரவுக்குப் பின் மூடியதும், பெட்டிகளில் உறங்கியவர்களை வெளியேற்றியதும், ஓராண்டுக்குப் பின்னரே முழுச் சேவை திரும்பியதும் இந்த நகரத்தார் மறக்காதவை.

இப்பயணத்தில் என்னை முழுமையாகத் திருப்திப்படுத்திய சேவை, லிங்கன் சென்டரில் உள்ள நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்கலைக் கிளை. பில்லி ரோஸ் நாடகப் பிரிவில் பழைய கையேடுகள், செய்தி நறுக்குகள், ஒளிப்படங்கள் ஆகியவற்றைக் காசில்லாமல் பார்க்கலாம். வேண்டியவற்றை முன்கூட்டியே இணையத்தில் கோரிவிட்டுப் போவது நல்லது. பையை வெளியே வைத்துவிட்டு, பேனாவைத் தவிர்த்துப் பென்சிலோடு உட்கார வேண்டும். அங்கிருந்த ஊழியர் நான் கேட்டதைவிட ஒரு பெட்டி கூடுதலாகக் கொண்டுவந்து, இதையும் பாருங்கள் என்றார். அரசு அலுவலகங்களில் நெடுநேரம் நின்று பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். நாடகங்களை ஒளிப்பதிவு செய்து காக்கும் புகழ்பெற்ற பிரிவும் அங்கேதான் உள்ளது. ஆனால் அது 1970இல் தொடங்கப்பட்டதால், நம் நாடகம் அதற்குள் அடங்காது. ஆகவே நாடகப் பாடல்களின் ஒலித்தட்டுதான் கதி.

ஒலித்தட்டே என் வாதத்துக்குப் போதும். ஜூல் ஸ்டைன் 1959இல் 'ஜிப்ஸி'க்கும் 1964இல் 'ஃபன்னி கேர்ள்'க்கும் இசையமைத்தவர். இரண்டுக்கும் இடையில் வந்த இந்த இசையிலும் அதே துள்ளல் இருக்கிறது. பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் இணையின் பாடல் வரிகளில் நகரத்துக் கிண்டல் குறையவில்லை. குறை கதையமைப்பில்தான். சிட்னி சாப்ளினும் கேரல் லாரன்ஸும் நடித்த முதன்மைக் காதல் இரண்டாம் பாதியில் எங்கே போகும் என்பது முன்பே தெரிந்துவிடுகிறது. விடுதி அறையிலிருந்து வெளியேற்றப்படாமல் இருக்க, துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு காலம் தள்ளும் மார்த்தாவாக ஃபிலிஸ் நியூமன் நடித்த துணைக் கதையோ இன்றும் சிரிக்க வைக்கிறது. அதற்காக அவர் 1962இல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது பெற்றபோது, தோற்ற போட்டியாளர்களில் ஒருவர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பாடகியும் நடிகையுமான இளம் பார்பரா ஸ்ட்ரைசாண்ட்.

செயின்ட் ஜேம்ஸ் அரங்கின் உள்ளே போக வேண்டுமானால் அங்கே அப்போது நடக்கும் நாடகத்துக்குத்தான் சீட்டு வாங்க வேண்டும். முதலில் இணையத்தில் ஒரு முகமை வழியாக வாங்க முயன்றேன்; கடைசிப் பக்கத்தில் வந்து சேர்ந்த சேவைக் கட்டணத்தைப் பார்த்து அப்படியே விட்டுவிட்டு, நேரே 44ஆம் தெருவில் உள்ள அரங்கின் சாளரத்துக்குப் போய் வாங்கினேன், அந்தக் கட்டணம் இல்லாமலே. நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் டஃபி சதுக்கத்தில் சிவப்புப் படிக்கட்டின் கீழுள்ள தள்ளுபடிச் சீட்டு நிலையத்தில் வரிசையில் நிற்கலாம். 1973 முதல் இயங்கும் அச்சேவை இன்னும் நம்பகமானதே. 1927இல் கட்டப்பட்ட அரங்கில் மேடையை அண்மையில் பெரிதாக்கியிருக்கிறார்கள். கால் நீட்ட மட்டும் இடமில்லை. உயரமானவர்கள் நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது.

கேட்டுப் பார்க்க விரும்புவோர் கதையைத் தேடாமல், 'ஐ வாஸ் அ ஷூ-இன்' என்ற நியூமனின் பாடலிலிருந்து தொடங்கலாம்.