ஆறு காற்றுப்பைகளா, ஐந்து வார்களா? சுங்கை சிப்புட்டில் கார் தேடும் குடும்பத்திற்கு ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து வெகு காலமாகிவிட்டது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்களில் பலர் இன்று டவுனை ஒட்டிய தாமான்களில் குடியிருக்கிறார்கள். தாத்தாவின் சைக்கிள் சாய்ந்திருந்த இடத்தில் இப்போது காடி (கார்) நிற்கிறது. என் சித்தப்பா மகன் கார் மாற்ற எண்ணி என்னிடம் வந்தபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, எத்தனை ஏர்பேக் இருந்தாப் போதும்?" என்பதுதான். விற்பனைக் கூடத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி அது. அந்த வண்டியில் எத்தனை பேருக்கு முழுமையான இருக்கை வார் (சீட் பெல்ட்) இருக்கிறது, அதை யார் யார் உண்மையிலேயே மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்பதை அங்கே யாரும் கேட்பதில்லை. நான் அவனுக்குச் செய்து காட்டிய ஒப்பீடு அந்தக் கேட்கப்படாத கேள்வியில் தொடங்கியது.

அவன் முன் மூன்று வழிகள் இருந்தன. அப்பா விட்டுச் சென்ற பழைய புரோட்டோன் வீராவைப் பழுது பார்த்து ஓட்டுவது ஒன்று. அதில் காற்றுப்பை கிடையாது, முன்னால் இரண்டும் பின் ஓரங்களில் இரண்டுமாக, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று புள்ளி வார்கள் நான்கு, பின் நடுவில் வெறும் இடுப்பு வார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஜப்பானிய செடான் ஒன்றை, முன்னால் இரண்டு காற்றுப்பைகளோடு, செகண்ட் ஹேண்டில் வாங்குவது மற்றொன்று. கடன் எடுத்து, 2023இல் வெளிவந்த புதிய தலைமுறைப் பெரோடுவா அக்சியாவை வாங்குவது மூன்றாவது. இந்த மூன்றாவதில் பெயரை மட்டும் நம்பக் கூடாது: ஜி வகையிலிருந்து மேலே உள்ளவற்றில் ஆறு காற்றுப்பைகள் உண்டு, அதே பெயரில் முந்தைய தலைமுறை உடலோடு வரும் விலை குறைந்த இ வகையில் இரண்டுதான். வீட்டில் ஐந்து பேர். அவன், மனைவி, அம்மா, ஏழு வயது மகள், பதினான்கு மாதக் கைக்குழந்தை.

முதலில் வாரையும் பையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்போம். ஸ்டீயரிங்கின் நடுவில் எஸ்.ஆர்.எஸ். என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் முதல் எழுத்து 'துணை' என்ற பொருளைத் தருவது. எதற்குத் துணை என்றால் வாருக்கு. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மதிப்பீட்டின்படி, காரின் முன் இருக்கையில் இருப்பவர் மூன்று புள்ளி வார் அணிவதால் மரண அபாயம் சுமார் 45 விழுக்காடு குறைகிறது. வார் இல்லாமல் காற்றுப்பையை மட்டும் நம்பினால் குறைவது சுமார் 14 விழுக்காடு. வார் அணிந்தவருக்குக் காற்றுப்பை கூடுதலாகத் தருவது சுமார் 11 விழுக்காடு. ஆகவே வார் மாட்டிய ஒருவர் பையில்லாத வீராவில் பெறும் காப்பு, வார் மாட்டாத ஒருவர் முன்னால் பையுள்ள காரில் பெறும் காப்பைவிடப் பன்மடங்கு அதிகம். (மோதலில் நசுங்கும் விதம், பிரேக் ஆகியவற்றில் புதிய கார் மேலானது என்பதை நான் மறுக்கவில்லை, இங்கே பேசுவது வாரையும் பையையும் பற்றி மட்டுமே.)

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் நேரக்கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்று சட்டென நின்றுபோவது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம்; அதாவது, நீளக் கம்பில் அரிவாள் கட்டிக் குலை அறுக்கும் வளர்ந்த செம்பனையின் கொண்டையிலிருந்து தரையில் விழுவது. அந்த வீழ்ச்சியின் வேகத்தை மார்பெலும்பும் இடுப்பெலும்பும் தாங்கும்படி பரப்பி வாங்கிக்கொள்வது வாரின் வேலை. 1959இல் வால்வோ நிறுவனத்தில் பணியாற்றிய நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று புள்ளி அமைப்பு இன்றுவரை அடிப்படையில் மாறாமல் இருப்பதற்கும் அதுவே காரணம். காற்றுப்பையோ மோதலை உணர்ந்த பிறகு வேதிப்பொருள் எரிந்து வெளிவரும் வாயுவால், கண் இமைக்கும் நேரத்தில் பாதிகூட ஆகுமுன் விரிந்து, உடனே பின்புறத் துளைகள் வழியே காற்றை இழக்கத் தொடங்குகிறது. விரிந்து முடித்த பையின் மீது தலை விழுந்தால் அது மெத்தை. விரிந்துகொண்டிருக்கும் பையின் மீது விழுந்தால் அது குத்துச்சண்டை வீரனின் கை. தலை எப்போது அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வார்தான்.

இங்கே தூரமும் முக்கியம். மார்பெலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே குறைந்தது 25 செண்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்று அதிகமான இடைவெளி இருக்க வேண்டும். என் தம்பியின் மனைவி குட்டையானவர். பெடல் எட்டுவதற்காக இருக்கையை முன்னுக்கு இழுத்து, முதுகுக்குத் தலையணையும் வைத்து ஓட்டும் பழக்கம் உள்ளவர். செடானில் அமரவைத்து என் கைச்சாணால் அளந்தபோது சுண்டுவிரலை மடக்க வேண்டியிருந்தது. தலையணையை எடுத்து, முதுகுச் சாய்வைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இருக்கையை உயர்த்தியபின் சாண் முழுதாகி இரண்டு விரற்கடையும் கிடைத்தது. புதிய அக்சியாவில் இருக்கையைத் திருத்திக்கொள்வது எளிதாக இருந்தது. வீராவில் இந்தத் தொல்லையே இல்லை. பையில்லாத வண்டிக்குக் கிடைக்கும் ஒரே சலுகை இது.

வார் மாட்டினால்தான் பை விரியும் என்றொரு நம்பிக்கை நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அப்படியில்லை. வார் இல்லாவிட்டாலும் பை விரியும், அதுவே ஆபத்து. அதே நேரத்தில் எல்லா விபத்திலும் பை விரியும் என்பதும் தவறு. முன்பக்கப் பைகள் முன்பக்கத்திலிருந்து வரும் வலுவான மோதலுக்காக அமைந்தவை. ஈப்போவுக்குப் போகும் பழைய கூட்டரசுச் சாலையிலும் தோட்டத்து மண் சாலைகளிலும் கார் மழையில் வழுக்கி ஓரத்து லோங்காங்கில் (வடிகாலில்) சாய்வதும், குலை ஏற்றிய லாரிக்கு வழிவிட்டுக் குடைசாய்வதும், சந்திப்பில் பக்கவாட்டில் அடிபடுவதும் நடக்கின்றன. இவற்றில் முன்பைகள் விரியாமலே போகலாம். விரிந்தாலும் ஒரே ஒரு முறைதான். லாரியில் உரசிப் பிறகு மரத்தில் மோதும் காரில் இரண்டாவது அடிக்குப் பை கிடையாது. வார் இரண்டுக்கும் உண்டு. உருளும் காரிலிருந்து ஆள் வெளியே வீசப்படாமல் காப்பதும் அதுவே. பக்கவாட்டு மோதலில்தான் ஆறு பை உள்ள காரின் உண்மையான மேன்மை தெரிகிறது. கதவுக்கும் உடலுக்கும் இடையே நசுங்க இடமில்லாத அந்த மோதலில் இருக்கைப் பையும் கூரையிலிருந்து இறங்கும் திரைப்பையும் விலா எலும்பையும் தலையையும் காக்கின்றன. திரைப்பை பின்னிருக்கைக்கும் எட்டுகிறது. அந்தப் பையை விலைகொடுத்து வாங்கிவிட்டு, தடித்த தோல் சீட் கவரைப் போட்டு அது வெளிவரும் வழியைத் தைத்து மூடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

செடானைப் பற்றி நான் கூடுதலாகக் கவலைப்பட்டேன், அதற்கு இரண்டு காரணங்கள். காற்றுப்பை தயாரித்த தகாத்தா நிறுவனத்தின், பையை விரிக்கும் வாயு உருவாக்கிகள் உலகெங்கும் சுமார் 10 கோடி எண்ணிக்கையில் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் பயன்பட்ட அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் வெப்பத்தையும் ஈரத்தையும் வாங்கிச் சீர்கெட்டு, விரியும் வேளையில் உலோகக் கூட்டையே சிதறடித்துச் சில்லுகளைப் பயணியின் மீது பாய்ச்சியது. வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் மாறி மாறி வரும் நம் நாடு அந்தக் கோளாறுக்கு ஏற்ற இடம்; அமெரிக்காவுக்கு வெளியே முதலில் பதிவான மரணம் 2014இல் மலேசியாவில்தான் நிகழ்ந்தது. தகாத்தா 2017இல் திவாலாயிற்று. பாதிக்கப்பட்ட கார்கள் இன்றும் சாலையில் ஓடுகின்றன. சேசி எண்ணைக் கொண்டு அந்தக் கார் நிறுவனத்தின் அதிகாரப்பூர்வச் சேவை மையத்தில் விசாரித்தால் மாற்றப்பட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும். மாற்றித் தருவதற்குக் கட்டணம் இல்லை. இரண்டாவது காரணம் என் சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஓரிடத்தில் வாங்கிய பழைய காரில் சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு எரியவே இல்லை. எரியாததை நல்ல அறிகுறி என்று எண்ணிக்கொண்டு ஓராண்டு ஓட்டினேன். பிறகு பட்டறையில் மீட்டர் பலகையைக் கழற்றியபோது பல்பு பிடுங்கப்பட்டிருந்தது. ஸ்டீயரிங் மூடியைத் திறந்தால் உள்ளே பை இருக்க வேண்டிய குழியில் காற்றைத் தவிர வேறில்லை. சரியான விளக்கு சாவியைத் திருப்பியதும் சில வினாடிகள் எரிந்து பின் அணைய வேண்டும். எரியாமலே இருப்பதும் அணையாமலே இருப்பதும் கோளாறுதான்.

குழந்தைகள் விஷயத்தில் மூன்று கார்களுக்கும் ஒரே விடை: பின்னிருக்கை. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் அமர்வது நம்மிடையே இன்றும் அன்பின் அடையாளமாகக் கருதப்படுகிறது. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் பத்தில் ஒரு வினாடியில் நின்றால், 10 கிலோ எடையுள்ள பிள்ளை அந்தக் கணத்தில் தாயின் கைகளை சுமார் 140 கிலோ எடையின் விசையோடு இழுக்கும். எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது. ஒரே வாருக்குள் தாயும் பிள்ளையும் இருந்தால் தாயின் உடலே பிள்ளையை நசுக்கும். பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையை, இயங்கும் காற்றுப்பைக்கு முன்னால் ஒருபோதும் வைக்கக் கூடாது. பை அந்த இருக்கையின் முதுகில், குழந்தையின் தலை இருக்கும் இடத்திலேயே, அடிக்கும். சன் வைசரில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் படம் சொல்வது இதைத்தான். குழந்தை இருக்கைகளுக்கான ஐக்கிய நாடுகளின் ஆர்129 விதிப்படி குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கியே அமர வேண்டும். இருக்கையின் அளவு இடங்கொடுத்தால் அதற்குமேலும் தொடரலாம். ஏழு வயதுப் பெண்ணுக்கு, உட்காரும் உயரத்தைக் கூட்டும் பூஸ்டர் இருக்கை வேண்டும். அது இல்லாவிட்டால் தோள் வார் கழுத்தை அறுக்கும், இடுப்பு வார் இடுப்பெலும்பை விட்டு வயிற்றின் மேல் ஏறும். அக்சியாவில் குழந்தை இருக்கையை, அதற்கென்றே காரில் பொருத்தியுள்ள ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டிவிடலாம். வீராவில் வாரைக் கொண்டே இறுக்கிக் கட்ட வேண்டும், அசைத்துப் பார்த்துச் சரிசெய்யப் பொறுமை வேண்டும். 2020 முதல் குழந்தை இருக்கை நம் நாட்டில் கட்டாயம்.

பின்னிருக்கைப் பெரியவர்களிடம்தான் உண்மையான போராட்டம். முன் இருக்கை வார் 1979இலேயே கட்டாயமாயிற்று. பின்னிருக்கை வார் 2009இல். தைப்பூசத்திற்குக் கல்லுமலைக் கோயிலுக்குப் போகும் கார்களின் பின்கண்ணாடி வழியே பார்த்தால் அந்த இரண்டாவது சட்டம் எட்டிய தூரம் தெரியும். சின்னம்மாவுக்குப் பட்டுப்புடவையின் மடிப்பு கசங்கும் என்ற குறை. அதற்கு வழி உண்டு: இடுப்பு வாரைக் கொசுவத்திற்குக் கீழே, தொடை சேரும் இடத்தில் இடுப்பெலும்பின் மேல் தாழ்த்தி வைத்து, தோள் வாரை முந்தானைக்கு அடியில் விட்டால் முன்மடிப்பு குலையாது. கர்ப்பிணிகளுக்கும் இடுப்பு வாரின் இடம் இதுவே, வயிற்றுக்குக் கீழே. தோள் வார் உறுத்துகிறது என்று அக்குளுக்கு அடியில் விடுவது விலா எலும்பை உடைக்கும் வழி. பின்னால் வார் இல்லாமல் இருப்பவர் மோதலில் முன் இருக்கையின் முதுகில் மோதி, வார் மாட்டிய ஓட்டுநரையும் சேர்த்து நசுக்குவார். வீராவின் நடு இடுப்பு வாரில் யாரையும் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. அது மேலுடலைப் பிடிக்காது, வயிற்றுக் குடலையும் முதுகெலும்பையும் காயப்படுத்தும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்கு வீரா உண்மையில் நான்கு பேர் காரே.

தீர்ப்பு என்று கேட்டால், அக்சியாவின் ஆறு பை வகைக்கே என் வாக்கு. அடுத்தது, நான்கு பேரோடு வார் மாட்டிய வீரா. பட்டறையில் திறந்து காட்டாத வரை செடான் கடைசி. ஒரு நிபந்தனையும் வைத்தேன். துணைக்கருவிக் கடைகளில் சில ரிங்கிட்டுக்கு வார் கொக்கி மட்டும் தனியாக விற்கிறார்கள். அதைச் செருகிவிட்டால் எச்சரிக்கை மணி அடங்கும், ஆள் வார் இல்லாமல் அமரலாம். அதைச் செருகிய நாளில் ஆறு பை உள்ள கார், வாரோடு ஓடும் வீராவுக்கும் கீழே இறங்கிவிடும். டேஷ்போர்டில் பயணியின் பைமூடிக்கு மேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டும் பிள்ளையாரையும் வேறிடத்திற்கு மாற்றச் சொன்னேன். பை விரியும்போது அவர் குண்டாகப் பறப்பார். அவரை இப்போது ரேடியோவுக்கு அருகில், நடுவில் வைத்திருக்கிறான்.

அவன் அக்சியாவை வாங்கினான். வீராவையும் விற்கவில்லை, தோட்டத்துப் பக்கம் போய்வர வைத்துக்கொண்டான். அதன் பின்னிருக்கை வார்களின் கொக்கிகள் எங்கேயென்று தேடினோம். சீட் கவருக்கு அடியில் இரண்டும் புதைந்து கிடந்தன. இருக்கையைத் தூக்கி வெளியே எடுத்தபோது அவற்றோடு ஒரு ஹேர்பின்னும், 20 சென் நாணயமும், காய்ந்த கச்சாங் பூத்தே (கடலை) தோல்களும் வந்தன. ஒரு கொக்கிக்குள் இனிப்பு உருகி ஒட்டியிருந்தது, அது பூட்டவில்லை. மறுநாளே அதை மாற்றக் கொடுத்துவிட்டோம்.