மேக் தொற்று அடங்காதபோது: அமிகாசினை ஊசியாகப் போடுவதா, மூச்சில் இழுப்பதா?

மேக் என்பது காசநோய்க் கிருமிக்கு உறவான, நுரையீரலைத் தாக்கும் கிருமிக் கூட்டம் (மைக்கோபாக்டீரியம் ஏவியம் காம்ப்ளெக்ஸ்). அசித்ரோமைசின், எத்தாம்புட்டால், ரிஃபாம்பிசின் மூன்றையும் 6 மாதம் விடாமல் சாப்பிட்டும் சளி கல்ச்சரில் மேக் கிருமி வளர்ந்தால், அடுத்த ஆயுதம் அமிகாசின் என்ற ஆன்டிபயாட்டிக். நுரையீரலில் குழி விழாதவர்களுக்கு, லைப்போசோம் எனும் நுண்ணிய கொழுப்புக் குமிழியில் அடைத்து மூச்சில் இழுக்கும் வகையே மேல் என்பது நம் கட்சி.

ஊசி விலை குறைவு, எங்கும் கிடைக்கும். வாரம் 3 நாள், கிலோவுக்கு 15 முதல் 25 மி.கி. குழி விழுந்திருந்தாலும், அசித்ரோமைசினுக்கு எதிர்ப்பு வந்துவிட்டாலும் முதல் 2, 3 மாதம் ஊசிதான், அதில் பேச்சில்லை.

ஆனால் காது? கல்ச்சர் நெகட்டிவ் ஆன பிறகும் 12 மாதம் சிகிச்சை தொடரவேண்டும். அவ்வளவு நாள் ஊசியைக் காது தாங்காது. உட்செவியின் மயிர்ச்செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. முதலில் போவது உச்ச சுருதி. பேச்சு அதற்குக் கீழே இருப்பதால், "நல்லா கேக்குதா?" என்றால் "கேக்குது" என்றுதான் பதில் வரும். அதற்குள் பாதிப்பு தொடங்கியிருக்கும். முதல் ஊசிக்கு முன் ஒரு ஆடியோகிராம் (செவித்திறன் சோதனை), பிறகு மாதாமாதம், உயர் அதிர்வெண்ணையும் சேர்த்து எடுக்கவேண்டும். தாய்வழி உறவில் இவ்வகை ஊசி போட்டுக் காது போனவர் உண்டா என்றும் கேளுங்கள். தாய்வழியாக வரும் ஒரு மரபுக்கோளாறு இருந்தால் சில ஊசிகளிலேயே செவி போகலாம்.

மூச்சு மருந்து கிருமி குடியிருக்கும் செல்லுக்குள்ளேயே போகிறது, ரத்தத்தில் கொஞ்சம்தான் கலக்கிறது. 2018-இல் வெளியான கன்வெர்ட் ஆய்வில், 6 மாதத்துக்குள் கல்ச்சர் நெகட்டிவ் ஆனவர்கள் இதைச் சேர்த்தோரில் 29%, சேர்க்காதோரில் 9%. விலை மிக அதிகம். பாதிப்பேர் அளவுக்குக் குரல் கம்மும், இருமலும் வரும். பெரும்பாலும் முதல் மாதங்களில்தான். வாய் கொப்பளிப்பது, சில நாள் இடைவெளி விடுவது உதவும்.

தினம் 590 மி.கி., ஒரு வயல். ஃப்ரிட்ஜிலிருந்து 45 நிமிடம் முன்பே எடுத்துவைத்து, நன்றாகக் குலுக்கி, அதற்கான நெபுலைசரில் மட்டும் ஊற்றவேண்டும். கால் மணி நேரம் ஆகும். மருந்து ஊற்றும் கைப்பிடிப் பகுதியைக் கழுவினால் மட்டும் போதாது, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைக்கவேண்டும். மேக் குழாய்த் தண்ணீரிலேயே வாழும் கிருமி.

ஊசி மருந்தையே சாதா நெபுலைசரில் இழுப்பதும் உண்டு. செலவு குறையும், சான்று மெலிது. மேக்கின் உறவுக் கிருமியான அப்செசஸுக்கு மூச்சு மருந்து எவ்வளவு உதவும் என்பதற்கும் அப்படித்தான்.

எதுவானாலும் முதலில் எம்.ஐ.சி. (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவு, மி.லி.க்கு மைக்ரோகிராமில்) பாருங்கள்: 64-ஐத் தொட்டால் ஊசி வேண்டாம், 128-ஐத் தொட்டால் இரண்டும் வேண்டாம்.