பிரிஸ்டில்நோஸ் என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட மீன்: செடித்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

செடி வளர்க்கும் நன்னீர்த் தொட்டிக்குக் கெளுத்தி மீன் வாங்கப் போகிறவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். ஒரே கடையில், ஒரே நாளில், வேறொரு மீனின் பெயரைச் சொல்லி ஒரு மீனும், நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லிப் பட்டினியில் வாடிய ஆறு மீன்களும் என்னிடம் விற்கப்பட்டன. அதனால் ஓராண்டுக்கு மேல் பார்த்துப் பார்த்து வளர்த்த செடிகளில் பாதியையும் நான்கு உயிர்களையும் இழந்தேன்.

என்னுடையது 90 சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 160 லிட்டர் கொள்ளளவும் உள்ள தொட்டி. பின்வரிசையில் வாலிஸ்னேரியா, நடுவில் மூன்று அமேசான் ஸ்வோர்ட், மரத்துண்டின் மேல் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் இருந்தன. கண்ணாடியிலும் இலைகளிலும் பாசி படியத் தொடங்கியபோது, செடிகளைக் கெடுக்காத, பெரிதாக வளராத கெளுத்திதான் வேண்டும் என்று கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன். அவர் ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள, கரும்புள்ளிகள் கொண்ட ஒரு குட்டியைக் காட்டி, "இது பிரிஸ்டில்நோஸ் பிளெக்கோ சார், அரை அடிக்கு மேல வளராது" என்றார். பிளெக்கோ என்பது உறிஞ்சும் வாயால் கண்ணாடியிலும் மரத்திலும் ஒட்டிப் பாசியைச் சுரண்டும் கெளுத்தி வகை. மூக்கின் மேல் இருக்க வேண்டிய தூரிகை போன்ற இழைகளைக் காணோமே என்று கேட்டேன். ஆண் மீனுக்குத்தான் அவை நன்றாக வளரும், குட்டியாக இருக்கும்போது தெரியாது என்று பதில் வந்தது. அந்தத் தகவல் சரியானதே. ஆனால் அவர் கையில் இருந்த மீனுக்கு அது பொருந்தாது.

எட்டு மாதங்களில் அந்த மீன் 20 சென்டிமீட்டரை எட்டிவிட்டது. அது பிரிஸ்டில்நோஸ் அல்ல. டெரிகோப்ளிக்திஸ் பேரினத்தைச் சேர்ந்த, பாய்மரம் போல் உயர்ந்த முதுகுத் துடுப்புடைய பெரிய பிளெக்கோ. 'டேங்க் கிளீனர்' என்றும் 'சக்கர்' என்றும் எல்லாக் கடைகளிலும் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். இது 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். பத்தாண்டுகளுக்கு மேல் வாழும். சிறியதாக இருக்கும்போது பாசியை நன்றாகவே தின்றது. வளர வளரப் பாசியில் நாட்டம் குறைந்து, இரவில் அமேசான் ஸ்வோர்ட் இலைகளின் மேல் அமர்ந்து சுரண்டத் தொடங்கியது. ஒரு நாள் காலையில் ஓர் இலையைக் கிள்ளி எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். பச்சைத் தசை முழுவதும் போய், நரம்புகளும் அவற்றுக்கிடையே கண்ணாடித்தாள் போன்ற ஒரு மெல்லிய படலமும் மட்டுமே எஞ்சியிருந்தன. அடுத்த சில வாரங்களில் மூன்று ஸ்வோர்ட் செடிகளும் அப்படியே போயின. அது திரும்பும்போதெல்லாம் வால் பட்டு வாலிஸ்னேரியாவின் இளங்கன்றுகள் வேரோடு மிதந்தன. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கப்பட்ட இந்த மீன் நாளெல்லாம் நூல் நூலாகக் கழிவை இழுத்துக்கொண்டு திரிந்ததால், கழிவால் நீரில் சேரும் நைட்ரேட், எப்போதும் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) அளவைத் தாண்டாதது, 60 பிபிஎம் வரை ஏறியது.

வாங்கும் இடத்திலேயே இதைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை நான் பிறகுதான் கற்றுக்கொண்டேன். குட்டி கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது முதுகுத் துடுப்பு விரியும் கணத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, பெரிதாக்கி, துடுப்பின் முன்முள்ளை விட்டுவிட்டு அதன் பின்னுள்ள கதிர்களை எண்ணுங்கள். பிரிஸ்டில்நோஸுக்கு வழக்கமாக ஏழு கதிர்கள் இருக்கும். டெரிகோப்ளிக்திஸுக்கு ஒன்பதும் அதற்கு மேலும் இருக்கும். இந்த எண்ணிக்கையை மட்டும் நம்பிவிட வேண்டாம். பெரிதாக வளரும் இன்னொரு பிளெக்கோவான ஹைப்போஸ்டோமஸுக்கும் ஏழு கதிர்கள்தான். ஆகவே மூக்கின் நுனியையும் பார்க்க வேண்டும். பிரிஸ்டில்நோஸின் மூக்கு விளிம்பில் எலும்புத் தகடுகள் இருக்காது. இழைகள் முளைக்காத குட்டியிலும் அந்த விளிம்பு மெத்தென்ற வெறுந்தோலாகத் தெரியும். உடலும் மற்ற இரண்டையும் விட அகன்று தட்டையாக இருக்கும்.

கடைக்காரரிடம் மீனைத் திரும்ப எடுத்துச் சென்றபோது கிடைத்த பதில்கள்தான் என்னை மிகவும் வருத்தின. முதலில், "தொட்டி அளவுக்கு வந்ததும் தானா வளர்ச்சி நின்னுடும்" என்றார். அப்படி நிற்பதில்லை, இடமும் நல்ல நீரும் கிடைக்காத மீன் குன்றிப்போய், நோயுற்று, வாழ வேண்டிய ஆண்டுகளுக்கு முன்பே சாகிறது. பிறகு, எல்லாச் சக்கரும் ஒன்றுதான் என்றும், விற்ற மீனைத் திரும்ப எடுக்கும் வழக்கம் இல்லை என்றும் சொன்னார். கடைசியாக, வேண்டாமென்றால் ஏதாவது குளத்தில் விட்டுவிடுங்கள் என்றார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன்கள், தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வெளியேறி, ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும் பல ஆறு குளங்களில் பெருகிவிட்டன. இனப்பெருக்கத்துக்காகக் கரைகளைக் குடைந்து வளை தோண்டுகின்றன. காற்றையும் விழுங்கிச் சுவாசிக்கக் கூடியவை என்பதால் உயிர்வளி குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கின்றன. என் மீனை, பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவர் ஏற்றுக்கொள்ளும் வரை ஏழு வாரங்கள் நானே வைத்திருந்தேன்.

அன்று நான் வாங்கிய மற்ற ஆறு மீன்களான ஓட்டோசிங்க்லஸ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு முதல் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வளராத, இலையை இலையாகவே விட்டுவிட்டு அதன் மேலுள்ள பழுப்புப் பாசியை மட்டும் துடைத்தெடுக்கும் இவற்றை விடச் செடித்தொட்டிக்குப் பொருத்தமான கெளுத்தி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் கடைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை ஆற்றில் பிடிக்கப்பட்டவை. பிடித்த நாளிலிருந்து கடைத்தொட்டிக்கு வரும் வரை அவற்றுக்கு உணவு கிடைப்பதே அரிது. நான் வாங்கிய ஆறும் கண்ணாடியில் ஒட்டியபோது வயிறு உட்குழிந்து, மார்புத் துடுப்புகளுக்குப் பின்னால் ஒரு பள்ளமாகத் தெரிந்தது. அது பட்டினியின் அடையாளம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கடைக்காரருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. இவற்றுக்குத் தனியாக உணவே வேண்டாம், தொட்டிப் பாசியே போதும் என்று சொல்லித்தான் விற்றார். பத்து நாட்களுக்குள் நான்கு இறந்தன. வெந்த வெள்ளரித் துண்டையும் பாசி வில்லையையும் இரவில் வைத்ததில் இரண்டு பிழைத்தன. ஓட்டோ வாங்குபவர்கள், கடைக்கு வந்து இரண்டு வாரமாவது ஆன, வயிறு உருண்ட மீன்களை மட்டும், குறைந்தது ஆறாக, சில மாதங்கள் ஓடிப் பழகிய தொட்டிக்கு வாங்க வேண்டும்.

அதே கடைக்காரர் 'மஞ்சள் சக்கர் கெளுத்தி' என்ற பெயரில் சைனீஸ் ஆல்கே ஈட்டரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது கெளுத்தியே அல்ல, கெண்டையின் உறவு. வளர்ந்த பிறகு மற்ற மீன்களின் உடலில் ஒட்டி வழுவழுப்பைச் சுரண்டும்.

இப்போது என் தொட்டியில் அந்த இரண்டு ஓட்டோக்களோடு பின்னர் வேறிடத்தில் வாங்கிய ஆறும், அடித்தளத்தில் மேயும் சிறு கெளுத்திகளான எட்டுக் கோரிடோராஸ்களும் (கோரிகள்) இருக்கின்றன. கோரிகளை வாங்கும்போது நான் முதலில் பார்த்தது வாயோரத்து மீசைகளைத்தான். கூர்மையான கல்லும் அழுக்கடைந்த அடித்தளமும் உள்ள கடைத்தொட்டிகளில் அவை அடிவரை தேய்ந்துபோயிருக்கும். அதனால் என் தொட்டியின் முன்பகுதியிலும் சரளையை எடுத்துவிட்டு மெல்லிய மணலைப் பரப்பினேன். பிடிக்கும்போது வலைக்குப் பதில் குவளையைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். மார்புத் துடுப்பின் முள்ளை விறைத்துக்கொள்ளும் இவை வலைக்கண்ணில் சிக்கினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். செம்பு கலந்த மருந்தையும் உப்பையும் கெளுத்திகள் உள்ள நீரில் அள்ளிப் போட வேண்டாம். மற்ற மீன்கள் தாங்கும் அளவை இவை தாங்குவதில்லை.

சென்ற வாரம் அந்தக் கடையின் வழியாகப் போனபோது உள்ளே சென்று பார்த்தேன். அதே தொட்டியில், 'பிரிஸ்டில்நோஸ்' என்ற அதே சீட்டின் கீழ், புதிதாக இருபது குட்டிகளாவது இருந்தன. ஒன்று துடுப்பை விரிக்கும் வரை காத்திருந்து படம் எடுத்து எண்ணினேன். பன்னிரண்டு கதிர்கள் இருந்தன. கடைக்காரரிடம் படத்தைக் காட்டினேன். சீட்டு அப்படியேதான் இருக்கிறது.